எய்ட்ஸ் நோயும் உடலின் காவலும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

குடிநீர், சாலை, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைக் கவனிப்பதே ஊராட்சி உறுப்பினரின் கடமை; நோயைப் பற்றிய அறிவு மருத்துவருக்கே உரியது என்று எண்ணுவோர் உளர். இவ்வெண்ணம் சரியன்று. காலராவும் அம்மையும் நம் கிராமங்களை விட்டு அகன்றது மருத்துவரின் திறமையால் மட்டுமன்று. கிணற்றைத் தூய்மையாக வைத்தும், அம்மை குத்தும் நாளில் வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்தும் உதவிய ஊர்ப் பொறுப்பாளர்களுக்கும் அவ்வெற்றியில் பங்குண்டு. எய்ட்ஸ் நோயிலும் ஊராரின் பங்கு பெரிது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காலராவுக்குத் துணை நின்றது அழுக்கு நீர்; எய்ட்ஸ் நோய்க்குத் துணை நிற்பது அறியாமையும் நாணமும் ஆகும். அழுக்கு நீரைக் கண்ணால் காணலாம். அறியாமையை அறிவால்தான் காண முடியும்.

பழனி மலைத் தொடரில் வாழும் உழவர்களையும் ஊராட்சி உறுப்பினர்களையும் மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் சொல்லப்படும் பல செய்திகளுள் முதன்மையானது ஒன்று. எச்.ஐ.வி. என்னும் கிருமி மனிதனை நேரே கொல்வதில்லை. உடலின் காவலைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. காவல் இழந்த உடலில் வேறு நோய்கள் புகுந்து உயிரைக் கவர்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் மருந்து உண்ணத் தொடங்கியவர் பிழைத்து, உழைத்து, முதுமையும் எய்துகின்றார். ஊராரின் பேச்சுக்கு அஞ்சி அதனைத் தவறவிட்டவர் வீணே மாள்கின்றார்.

கிருமி வேறு, நோய் வேறு

எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எய்ட்ஸ் என்பது அக்கிருமியால் உடலின் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைந்துபோன இறுதி நிலையின் பெயர். கிருமி உடலில் இருப்பவர் அனைவரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர். தக்க காலத்தில் மருந்து உண்பவர் அந்நிலையை அடையாமலேயே வாழ்நாள் முழுவதையும் கழிக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாமல், கிருமி உண்டு என்று கேட்டவுடனேயே ஒருவரைச் சாகப்போகிறவராகக் கருதுவது பெரும் பிழை.

இந்நோயைப் பற்றிய முதற்செய்தி 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தனர். அப்பணிக்காக பிரான்சுவாஸ் பாரே-சினுசி அம்மையாருக்கும் லுக் மொந்தாஞியேவுக்கும் 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. நம் நாட்டில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மாநிலத்திலேயே ஆகும். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், அவருடைய மாணவியான டாக்டர் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபொழுது சிலவற்றில் கிருமி இருந்தமை தெரியவந்தது. அந்நாளில் இந்நோய் இந்தியாவுக்கு வராது என்று பலர் நம்பியிருந்தனர். இரண்டு பெண்மணிகளின் விடாமுயற்சி அந்நம்பிக்கையின் வெறுமையைக் காட்டிற்று.

உடலின் காவற்படை

மேல்மலையில் உருளைக்கிழங்கோ பூண்டோ பயிரிடுபவர் இரவுக் காவலின் அருமையை நன்கு அறிவர். காட்டுமாடும் காட்டுப்பன்றியும் ஓரிரவில் ஒரு பருவத்து உழைப்பை அழித்துவிடும். காவலுக்குப் பலர் இருப்பினும், விலங்கின் வரவை முதலில் அறிந்து, தகரத்தைத் தட்டி ஏனையோரை எழுப்புபவன் ஒருவனே. அவன் உறங்கிவிட்டால் மற்றவர் இருந்தும் பயனில்லை.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அத்தகைய காவற்படை. அவற்றுள் சி.டி.4 அணுக்கள் எனப்படுபவை தகரம் தட்டும் காவலனை ஒத்தவை. உடலினுள் நோய்க்கிருமி புகுந்ததை அறிந்து, ஏனைய வெள்ளணுக்களை ஏவிப் போரிடச் செய்வது அவற்றின் வேலை. நல்ல உடல்நலம் உடைய ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இவ்வணுக்கள் இருக்கும். எச்.ஐ.வி. கிருமி தேடிப் பற்றுவது இவ்வணுக்களையே.

கிருமியின் செயல்

இக்கிருமி தானாக வாழவோ பெருகவோ வல்லதன்று. சி.டி.4 அணுவினுள் நுழைந்து, அவ்வணுவின் மரபுப் பொருளில் தன் குறிப்பை எழுதிவிடுகிறது. அலுவலகப் பதிவேட்டில் எவரும் அறியாமல் ஒரு கள்ளக் கணக்கை எழுதிச் சேர்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். அதன்பின் அவ்வணு தன் வேலையை விடுத்து, கிருமியின் படிகளையே உற்பத்தி செய்து வெளிவிடுகிறது, முடிவில் அழிகிறது. புதிய கிருமிகள் வேறு அணுக்களைப் பற்றுகின்றன. சில அணுக்களிலோ கள்ளக் கணக்கு எழுதப்பட்டபடியே உறங்கிக் கிடக்கும். இவ்வாறு உறங்கும் கிருமிகளை அடியோடு களைய வழி காணப்படாமையால், மருந்து கிருமியை அடக்குகிறதே அன்றி முற்றிலும் ஒழிப்பதில்லை.

கீழ்மலை உழவர்களுக்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். விருப்பாச்சி மலைவாழை ஒரு காலத்தில் இம்மலைகளின் செல்வமாக விளங்கிற்று. 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் பயிரான மலைவாழை, முடிக்கொத்து நோயால் பின்னர் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிற்று. அந்நோய்க்கும் காரணம் ஒரு வைரஸ் கிருமியே. அசுவினிப் பூச்சி அதனைப் பரப்பியது. நோய் கண்ட தாய்வாழையின் பக்கக்கன்று பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும் உள்ளே கிருமியைத் தாங்கியிருக்கும். கன்றின் அழகைக் கண்டு அதனை வாங்கி நட்டவர் பலர் தோட்டத்தையே இழந்தனர். தோற்றத்தைக் கொண்டு கிருமியின் இருப்பை அறிய முடியாது என்னும் பாடத்தை வாழை நமக்கு அப்பொழுதே கற்பித்தது.

உவமை இவ்வளவோடு நிற்கட்டும். நோய் கண்ட வாழையைப் பிடுங்கி அழிப்பது தோட்டத்துக்கு நன்மை. மனிதரை அவ்வாறு ஊரிலிருந்து விலக்குவது அறமும் அன்று; அறிவும் அன்று. வாழைக்கு மருந்தில்லை, மனிதருக்கு மருந்து உண்டு. மேலும், விலக்கப்படுவோம் என்ற அச்சம் பரவினால் எவரும் பரிசோதனைக்கு முன்வரார். அப்பொழுது கிருமி மறைவில் பரவும்.

மூன்று பருவங்கள்

கிருமி புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை தோன்றும். சாதாரணக் காய்ச்சல் என்றே எவரும் கருதுவர். சில நாட்களில் அது தானே நீங்கும். இது முதற்பருவம். இப்பருவத்தில் இரத்தத்தில் கிருமி மிகுதியாக இருப்பதால் பிறருக்குத் தொற்றுவதும் எளிது. ஆயினும் பரிசோதனையில் உடனே தெரியாமல் போகலாம். ஆதலால், ஐயத்துக்கு இடமான நிகழ்ச்சிக்குப்பின் முதற்பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்துக்கொள்ளுதல் நலம்.

இரண்டாம் பருவம் மௌனப் பருவம். மருந்து இல்லாதவிடத்து இது சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டுகள் நீடிக்கும். மண்வெட்டி பிடிப்பவர் பிடித்துக்கொண்டே இருப்பார். சுமை தூக்குபவர் தூக்கிக்கொண்டே இருப்பார். வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே காவலர் தொகை குறைந்துகொண்டே வரும். ஒரு சிறு கணக்கால் இதனை அறியலாம். ஒருவருக்குத் தொடக்கத்தில் 800 சி.டி.4 அணுக்கள் உள்ளன என்றும், ஆண்டுக்கு 60 வீதம் குறைகின்றன என்றும் கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் முடிவில் 500 எஞ்சும். பத்தாம் ஆண்டின் முடிவில் 200 எஞ்சும். எல்லோருக்கும் இக்கணக்கு ஒரே வேகத்தில் செல்வதில்லை. சிலருக்கு விரைவு, சிலருக்குத் தாமதம். எனினும் மருந்தின்றிப் போகும் திசை ஒன்றே.

அணுக்களின் தொகை 200-க்குக் கீழ் இறங்கும்பொழுது மூன்றாம் பருவமாகிய எய்ட்ஸ் தொடங்குகிறது. குறிப்பிட்ட சில கொடிய நோய்கள் தோன்றினாலும் மருத்துவர் இந்நிலை வந்துவிட்டதாகக் கொள்வர்.

காவல் குன்றும்பொழுது புகும் நோய்கள்

இந்நோய்களுள் முதலிடம் பெறுவது காசநோய். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தாக்கும் பிற நோய்களுள் மிகுதியானதும், உயிரிழப்புக்கு முதற்காரணமானதும் இதுவே. நம்மில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. உடலின் காவல் உறுதியாக உள்ளவர்களில், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் எப்பொழுதேனும் அது நோயாக மாறும். எச்.ஐ.வி. இருந்து மருந்து உண்ணாதவர்களிலோ, ஒவ்வோர் ஆண்டிலுமே நூற்றுக்குப் பத்துப் பேர் வரை நோய்ப்படக்கூடும். வாழ்நாள் முழுமைக்கும் உரிய அபாயம் ஓராண்டுக்குள் அடங்கிவிடுகிறது. சி.டி.4 அணுக்கள் ஓரளவு மிகுதியாக இருக்கும்பொழுதே காசநோய் வந்துவிடலாம் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இருமல் ஒரு புதுமை அன்று. குளிரும் மூடுபனியும் விறகுப் புகையும் அதற்குக் காரணம் என்று சொல்லிக் கஷாயம் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். கஷாயம் குடிப்பதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைக் குளிரின்மேல் சுமத்துவது குற்றம். அதனோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவையும் சேருமாயின் அன்றே சளிப் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். காசநோய் கண்ட ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையும், எச்.ஐ.வி. கண்ட ஒவ்வொருவருக்கும் காசநோய்ப் பரிசோதனையும் செய்வது இன்று நாடெங்கும் பின்பற்றப்படும் முறை.

வாயிலும் நாக்கிலும் வெண்படலம் படிதல், விழுங்கும்பொழுது வலி, உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் எழும் அக்கி, மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை காவல் குன்றியதன் அடையாளங்களாகத் தோன்றலாம். இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. அக்கி எவருக்கும் வரும். பரிசோதனை ஒன்றே உண்மையை உரைக்கும்.

அணுக்கள் 200-க்குக் கீழ் இறங்கினால் ஒருவகைப் பூஞ்சையால் நுரையீரல் அழற்சி உண்டாகி மூச்சுத் திணறலாம். 100-க்கும் கீழே போனால் மூளை உறையையும் மூளையையும் தாக்கும் கிருமிகள் தலையெடுக்கும். தாங்கமுடியாத தலைவலி, வலிப்பு, நினைவு தடுமாறுதல் ஆகியவை தோன்றும். 50-க்குக் கீழே கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை போகவும் கூடும். சிலவகைப் புற்றுநோய்களும் காவலற்ற உடலில் எளிதில் தோன்றுகின்றன. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் அவர்கள் அதற்குரிய பரிசோதனையை ஒழுங்காகச் செய்துகொள்ளுதல் அவசியம். கிருமி நெடுங்காலம் அடங்காதிருந்தால் இதயமும் சிறுநீரகமும் மூளையும் தேய்வுறும்.

இந்நோய்களிற் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை, அல்லது குணப்படுத்தத்தக்கவை. காசநோயை ஆறு மாத மருந்தாலும், பூஞ்சைகளை அவற்றுக்குரிய மருந்துகளாலும் தீர்க்கலாம். காவலைத் திரும்ப எழுப்பிவிட்டால் அவை மீண்டும் வருவதும் அரிது.

பரவும் வழியும் பரவா வழியும்

கிருமி உள்ளவருடன் பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி கலந்த இரத்தத்தை ஏற்றுதல், ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியைத் தூய்மை செய்யாமல் மற்றவருக்குப் பயன்படுத்துதல், தாயிடமிருந்து கருவிலோ பேற்றின்போதோ பாலின் வழியாகவோ குழந்தைக்குச் செல்லுதல் ஆகிய நான்குமே இது பரவும் வழிகள். உடலுறவில் உறையைத் தவறாமல் பயன்படுத்துவது பெரிதும் பாதுகாப்பளிக்கும்.

ஒரே கிணற்று நீரைப் பருகுவதாலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, தொடுவதாலோ, இருமுவதாலோ இக்கிருமி தொற்றாது. கொசு கடித்தால் வருமா என்று கிராமக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கின்றனர். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து அடுத்தவரை அடைகிறது. எச்.ஐ.வி. கிருமியோ கொசுவின் உடலில் வாழவோ பெருகவோ முடியாமல் செரித்துப்போகிறது. ஆகையால் கொசுவால் இது பரவாது. தேநீர்க் கடையில் ஒருவருக்குத் தனிக் குவளை வைப்பதும், பள்ளியில் ஒரு குழந்தையைத் தனியே அமர்த்துவதும் எவருக்கும் பாதுகாப்பளிப்பவை அல்ல. அவ்விருவரின் மனத்தைப் புண்படுத்துவன மட்டுமே.

மருந்தின் வரலாறும் பயனும்

சென்னைக்கு அருகிலுள்ள தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் பெருந்தொகையாக வந்தடைந்த இடங்களுள் அது ஒன்றாயிற்று. காசநோய்க்காகக் கட்டப்பட்ட மருத்துவமனையே எய்ட்ஸ் மருத்துவமனையாகவும் மாறியதிலிருந்து, இவ்விரு நோய்களின் நெருக்கத்தை அறியலாம். 1994-இல் தமிழ்நாடு அரசு இந்நோய்த் தடுப்புக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தது. நாட்டில் இவ்வாறு அமைந்த முதற்சங்கம் இதுவே. 2004 ஏப்ரல் முதல் நாளன்று கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் திட்டம் இந்தியாவில் தொடங்கிற்று. அதன் முதல் மையங்களுள் தாம்பரமும் ஒன்று.

தொடக்கத்தில் சி.டி.4 அணுக்கள் மிகக் குறைந்தவர்க்கே மருந்து தரப்பட்டது. 2017 முதல் அணுக்களின் தொகை எதுவாயினும், கிருமி கண்டவர் அனைவருக்கும் மருந்து வழங்கப்படுகிறது. மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த ஒரே மாத்திரையை நாள்தோறும் உண்பது இன்று வழக்கத்திலுள்ள முறை. இம்மருந்து கிருமி படியெடுப்பதைத் தடுக்கிறது. கிருமி பெருகாவிடில் சி.டி.4 அணுக்கள் மெல்ல மெல்ல மீள்கின்றன. பல மாதங்களில் இரத்தத்திலுள்ள கிருமியின் அளவு, சோதனைக்கும் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்நிலையில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகக் கிருமி மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆதலால் ஒருவர் உண்ணும் மாத்திரை அவரைக் காப்பதோடு, அவர் இல்லத்தையும் ஊரையும் காக்கிறது.

மருந்து இல்லாத தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தாய்க்கு மாத்திரையும் பிறந்த குழந்தைக்கு மருந்தும் தக்கபடி அளித்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழாகக் குறைகிறது. கருவுற்ற பெண்கள் தொடக்கத்திலேயே பரிசோதனை செய்துகொள்ளுமாறு சுகாதாரச் செவிலியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

உலகக் கணக்கும் இப்பயனை உறுதி செய்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீட்டின்படி, இந்நோய் தொடர்பாக 2004-இல் ஏறத்தாழ 21 லட்சம் பேர் மாண்டனர். 2023-இல் இத்தொகை ஏறத்தாழ 6 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. இந்தியாவில் கிருமியுடன் வாழ்வோர் 2023 மதிப்பீட்டின்படி சுமார் 25 லட்சம் பேர்.

மருந்து தொடங்கியபின் கவனிக்க வேண்டியவை

முதலாவது, மருந்தை இடையில் நிறுத்தலாகாது. அடிக்கடி விட்டுவிட்டு உண்டால், எஞ்சிய கிருமி அம்மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். ஒரே பூச்சிமருந்தை அரைகுறை அளவில் தெளித்த வயலில் பூச்சி மருந்துக்கு அடங்காமல் போவதை உழவர் அறிவர். இங்கும் நேர்வது அதுவே.

இரண்டாவது, மருந்து தொடங்கிய சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சலும் நெறிக்கட்டும் புதிதாகத் தோன்றும். உறங்கிய காவற்படை விழித்து, உள்ளே மறைந்திருந்த காசநோய் போன்றவற்றுடன் போரிடத் தொடங்குவதால் இது நேர்கிறது. மருந்தே கெடுதல் செய்தது என்று எண்ணி நிறுத்திவிடுவோர் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். காசநோயும் சேர்ந்துள்ளவருக்கு, மருத்துவர் காசநோய் மருந்தை முதலில் தொடங்கிச் சில வாரம் கழித்துக் கூட்டு மருந்தைத் தொடங்குவதும் இக்காரணம் பற்றியே.

மூன்றாவது, பூரண குணம் என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பவரை நம்பலாகாது. மருந்தை நிறுத்தினால் உறங்கும் கிருமி சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டு பயிரிடும் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு மலைச்சாலையில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். திண்டுக்கல் அதனினும் தொலைவு. ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாகும். அதனையும் அவர் பொறுத்துக்கொள்வார். பேருந்தில் உடன் வரும் ஊரார், மாதந்தோறும் எங்கே போகிறாய் என்று கேட்கும் கேள்வியை அவரால் பொறுக்க இயலாது. இரண்டு மாதம் பொய் சொல்வார். மூன்றாம் மாதம் போகாமல் நின்றுவிடுவார். ஓராண்டில் அவருக்கு இருமல் தொடங்கும். அவர் இறந்தால் குளிரில் இறந்தார் என்று ஊர் சொல்லும். உண்மையில் அவரைக் கொன்றது அக்கேள்வியே ஆகும்.

இந்நிலை நேராதிருக்க ஊராட்சி செய்யக்கூடியவை பல உண்டு; அவற்றுக்குப் பெருஞ்செலவும் இல்லை.

ஒன்று, கிராம சபையில் சுகாதாரச் செவிலியரையோ மருத்துவரையோ அழைத்து, நோயைப் பற்றிப் பொதுவாகப் பேசச் செய்யலாம். ஊரில் யாருக்கு நோய் உண்டு என்ற ஆராய்ச்சி அக்கூட்டத்தில் எழ இடந்தரலாகாது. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், முடிவு மறைவாக வைக்கப்படும் என்பதையும், 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

இரண்டு, மறைவு காத்தல். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒருவரது இசைவின்றி அவரைச் சோதிப்பதும், அவர் நிலையைப் பிறருக்கு வெளியிடுவதும், வேலையிலோ கல்வியிலோ குடியிருப்பிலோ சிகிச்சையிலோ அவரை வேறுபடுத்துவதும் தவறு. ஊராட்சி அலுவலகத்தில் நோயாளிகளின் பட்டியல் இருத்தல் கூடாது.

மூன்று, மழைக்கால ஏற்பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபொழுது மரங்கள் சாய்ந்து கொடைக்கானல் மலைச்சாலைகள் அடைபட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். நிலைபெற்ற நோயாளிகளுக்கு ஒரே தடவையில் இரண்டு மூன்று மாத மாத்திரைகளை வழங்கும் வழி உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே அவ்வாறு வாங்கி வைத்துக்கொள்ளுமாறு, காசநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களையும் சேர்த்து எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தால், எவரையும் சுட்டிக் காட்டாமலே அனைவரும் பயன்பெறுவர்.

நான்கு, தோட்ட வேலைக்காக வெளியூர் சென்று மாதக்கணக்கில் தங்குவோரும், பழங்குடிக் குடியிருப்புகளில் வாழ்வோரும் மருத்துவ முகாம்களில் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுதல். பாதை கடினம் என்பதால் செவிலியர் செல்லாத குடியிருப்பு ஒன்றும் இருத்தலாகாது.

ஐந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல். இதனை மகளிர் சுய உதவிக் குழுக்களே செவ்வனே செய்ய வல்லவை.

ஒரு கிராமத்தின் வளர்ச்சியைச் சாலையின் நீளத்தால் அளக்கிறோம். அச்சாலை வழியே ஒருவர் அச்சமின்றிச் சென்று தம் மருந்தை வாங்கி வர முடிகிறதா என்பதையும் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.

கூடிப் படிப்போர் விவாதிக்கச் சில வினாக்கள்

1. கிருமி உடலில் இருப்பவர்க்கும் எய்ட்ஸ் நோயாளிக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஒருவருக்கு 700 சி.டி.4 அணுக்கள் உள்ளன. ஆண்டுக்கு 50 வீதம் குறைந்தால் எத்தனை ஆண்டுகளில் அவை 200 ஆகும்? அதுவரை ஊரார் அவரிடம் எந்த அடையாளத்தையாவது காண இயலுமா?

3. நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோர் எத்தனை பேர் சளிப் பரிசோதனைக்குச் சென்றுள்ளனர்? செல்லாததன் காரணம் தொலைவா, செலவா, நாணமா?

4. மழையால் சாலை பத்து நாள் அடைபட்டால், நாள்தோறும் மருந்து உண்பவர்களுக்கு நம் ஊராட்சி என்ன ஏற்பாடு செய்துள்ளது?